பாத்டப்பின் நிறம் மாறினால்: கழுவும் முன் காரணத்தைக் கண்டறியும் முறை

சேலம் நகரத்து வீடுகளில் பாத்டப் அபூர்வம். மலை ஏறினால் நிலைமை வேறு. ஏற்காட்டில் விருந்தினருக்கு அறை விடும் வீடுகளிலும் பழைய எஸ்டேட் பங்களாக்களிலும் அக்ரிலிக் அல்லது ஃபைபர்கிளாஸ் தொட்டிகளைப் பார்க்கலாம். சீசன் முடிந்து பல வாரம் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கும்போது, வெள்ளைத் தொட்டியில் குழாய்க்கு நேர் கீழே ஒரு பழுப்புக் கோடோ, அடிப்பாகம் முழுவதும் மங்கலான மஞ்சளோ, வடிகால் ஓரம் கருமையோ கண்ணில் படும். உடனே கை ஆசிட் பாட்டிலுக்கோ பிளீச்சிங் பவுடருக்கோ போகிறது. அங்கேதான் கெடுதல் தொடங்குகிறது. என் பார்வையில், தண்ணீர் கெடுத்த தொட்டிகளைவிடத் தவறான மருந்து ஊற்றிக் கெட்ட தொட்டிகளே அதிகம்.

வீட்டுப் பராமரிப்பைப் புதிதாக ஏற்றுக்கொண்டவர்களும், அறை விடும் தொழிலைப் புதிதாகத் தொடங்கியவர்களும், காரணத்தைத் தாங்களே கண்டறிய இந்த வழிகாட்டி உதவும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு டார்ச் விளக்கு, சிறு காந்தம், வெள்ளை நிற மக்குகள் இரண்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் இரண்டொரு பொருள், மளிகைக் கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), கையுறை ஆகியவை போதும்.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே. நிறம் தொட்டியின் மேற்பரப்பின் மீது படிந்திருக்கிறதா, மேற்பரப்புக்குள் ஊறியிருக்கிறதா, அல்லது மேற்பரப்புக்குப் பின்னாலிருந்து தெரிகிறதா? மேலே படிந்ததைக் கரைக்கலாம். உள்ளே ஊறியதைத் தேய்த்துத்தான் எடுக்க முடியும், அதுவும் ஓரளவுக்கே. பின்னாலிருந்து வருவதை எந்தத் திரவமும் தொடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடுபவையே.

முதற்படி: தொட்டி எதனால் ஆனது?

கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பிவிடக் கூடாது. முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எனாமல் பூசிய இரும்பு அல்லது வார்ப்பிரும்புத் தொட்டி; அதற்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. ஒட்டாவிட்டால், பக்கச் சுவரின் மேற்பகுதியில் உள்ள ஓவர்ஃப்ளோ துளையின் மூடியைத் திருகாணி கழற்றி எடுத்துவிட்டு, துளையின் வெட்டு விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த விளிம்புதான் தொட்டியின் பிறப்புச் சான்றிதழ். அக்ரிலிக் என்றால், சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரே நிறமாக ஒரு தகடு தெரியும். அதன் முதுகில் இழைகள் துருத்திய, சொரசொரப்பான ஃபைபர் பூச்சு இருக்கும். ஃபைபர்கிளாஸ் என்றால், நிறமுள்ள அடுக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே இருக்கும். அதை அடுத்து உடனே இழையும் பிசினும் தொடங்கிவிடும். நிறமுள்ள அந்த மெல்லிய அடுக்குக்குத்தான் ஜெல்கோட் என்று பெயர்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? அக்ரிலிக்கில் நிறம் தகட்டின் முழுத் தடிமனிலும் ஓடுவதால், மேலே கறை ஊறினாலும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்ற இடமுண்டு. ஜெல்கோட்டில் அந்தத் தாராளம் இல்லை. இரண்டு மூன்று முறை கடுமையாகத் தேய்த்தால் இழை வெளியே வந்துவிடும். சூரிய ஒளியைப் பொறுத்தும் இரண்டும் வேறு. அக்ரிலிக் வெயிலை நன்றாகத் தாங்கும். ஜெல்கோட்டில் உள்ள பாலியெஸ்டர் பிசின் ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகும். அக்ரிலிக் என்று விற்கப்படும் சில தொட்டிகள், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய அக்ரிலிக் போர்வை மட்டும் போர்த்தியவை. போர்வை தேய்ந்த இடத்தில் ஏபிஎஸ் மஞ்சளாகும்.

ஏற்காட்டுப் பழைய பங்களாக்களில் இன்னொரு வகையும் உண்டு: பழைய தொட்டியின் மேல் பெயிண்ட் அடித்துப் புதிதாக்கியது. வடிகால் வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். பூச்சு அங்கே மெல்லிய ஏடாக உரிந்தோ, சுவரோரத்தில் தூரிகைத் தடம் தெரிந்தோ இருந்தால், நீங்கள் பார்ப்பது தொட்டியின் நிறமே அல்ல, பெயிண்டின் நிறம். அந்தப் பெயிண்டின் மேல் எந்த அமிலச் சோதனையும் செய்யாதீர்கள், பூச்சு கழன்றுவிடும்.

இரண்டாம் படி: கழுவி, துடைத்து, உலர்ந்த பின் பார்த்தல்

பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பருத்தித் துணி. இவ்வளவே. கம்பி நாரும் பச்சை நிற ஸ்க்ரப்பரும் வேண்டாம். சபீனா போன்ற தேய்ப்புத் தூளும் வேண்டாம். அவை ஏற்படுத்தும் நுண்கீறல்களில்தான் அடுத்த முறை அழுக்கு குடியேறும். கழுவிய பின் நன்றாக அலசி, உலர்ந்த துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். ஈரம் இருக்கும்வரை கறையின் எல்லையும் மேற்பரப்பின் மங்கலும் சரியாகத் தெரியாது.

முதலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தொட்டியின் பரப்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து ஒளியை நீளவாக்கில் ஓடவிடுங்கள். நேராக அடிக்கும் ஒளியில் தெரியாதவை இப்போது தெரியும். படிவு இருந்தால் அதன் விளிம்பு சிறு நிழல் வீழ்த்தும். கீறல்கள் வெள்ளிக் கோடுகளாக மின்னும். கொப்புளம் இருந்தால் ஒளி பட்ட பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் பிறை வடிவ நிழலுமாக நிற்கும். அதன் பிறகு விரல் நகத்தைக் கறையின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அது மேலே படிந்தது. வழுக்கிக்கொண்டு போனால் உள்ளே ஊறியதாகவோ பின்னாலிருந்து தெரிவதாகவோ இருக்கலாம்; இருந்தாலும் துருக்கறை மிக மெல்லியதாகப் படிவதால் நகத்துக்குப் பிடிபடாமல் போவதும் உண்டு. ஆகவே நகத்தின் தீர்ப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கறையின் எல்லையைப் பென்சிலால் மெல்லக் குறித்து, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் அது வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பது பின்னால் மிகவும் பயன்படும்.

மூன்றாம் படி: கறை எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கிறது?

நிறத்தைவிட இடமே அதிகம் சொல்லும். குழாயின் மூக்கிலிருந்து வடிகால்வரை கோடாக இறங்கினால், சொட்டும் குழாயும் தண்ணீரில் உள்ள உலோகமும் சேர்ந்து வரைந்தது அது. பூட்டிக் கிடக்கும் அறைகளில் இதுவே அதிகம். தேய்ந்த ஒரு வாஷர் வழியாக இரவும் பகலும் விழும் சொட்டு, விழுந்து காய்ந்து, விழுந்து காய்ந்து, இருந்த இரும்பையெல்லாம் ஒரே தடத்தில் சேர்க்கிறது. தண்ணீர் நிற்கும் மட்டத்தில் வளையமாக இருந்தால் சோப்பும் உப்பும் உடல் எண்ணெயும் கலந்த படிவு. வடிகாலைச் சுற்றி மட்டும் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், வடிகால் துளையில் பொருத்தும் வேஸ்ட் கப்ளிங்கின் பித்தளையையோ அதன் தரமற்ற முலாமையோ சந்தேகியுங்கள்.

தொட்டியின் தரையில் வட்டவட்டமாகப் பழுப்பு நிறம், அதுவும் ஒழுங்கான வரிசையில் இருந்தால், வழுக்காமல் இருக்கப் போட்ட ரப்பர் மேட்டின் வேலை. மேட்டின் அடியில் உள்ள உறிஞ்சு கிண்ணங்களிலிருந்து ரப்பரில் சேர்த்த இரசாயனங்கள் மெல்ல இடம்பெயர்ந்து அக்ரிலிக்கிலும் ஜெல்கோட்டிலும் ஊறிவிடுகின்றன. இது உள்ளே ஊறிய கறை; அமிலத்துக்கு அசையாது. குளித்து முடித்ததும் மேட்டை எடுத்துச் சுவரில் தொங்கவிடுவது ஒன்றே தடுப்பு.

சன்னலைப் பார்த்த பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்து, சோப்புத் தட்டு வைத்திருந்த இடம் வெள்ளையாக நின்றால் அது வெயில். விளிம்பில் நீள்வட்டமான பழுப்புத் தழும்பு இருந்தால் கொசுவர்த்தியோ மெழுகுவர்த்தியோ வைத்திருக்கிறார்கள் என்று பொருள். தரைக்கு அருகே நிறம் மாறி, பரப்பும் உருகி நெளிந்திருந்தால், மலைக்குளிரில் யாரோ தொட்டிக்குள்ளேயே ஹீட்டர் ராடை வைத்துத் தண்ணீர் காய்ச்சியிருக்கலாம். அக்ரிலிக் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். ராடின் மேற்பரப்பு அதைவிடச் சூடானது. தொட்டி ஒருபுறம் இருக்கட்டும், மின்சாரம் பாய்ந்து உயிர் போகும் அபாயம் அதில் இருக்கிறது. அறை விடுபவர்கள் இதைத் தெளிவாக எழுதித் தடை செய்ய வேண்டும்.

தரையும் சுவரும் சேரும் மூலைகளில் மட்டும் மெல்லிய மஞ்சள் சாயல் தெரிவது வேறொரு காரணத்தால். அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்து உருவாக்கும்போது மூலைகளில்தான் அது அதிகம் இழுபட்டு மெலிகிறது. மெலிந்த இடத்தில் முதுகுப்புறப் பிசினின் மஞ்சள் லேசாகத் தெரியும். தொட்டி வாங்கிய நாளிலிருந்தே அது அப்படித்தான் இருந்திருக்கும்; கறை என்று எண்ணித் தேய்த்தால் இன்னும் மெலியும்.

நான்காம் படி: தண்ணீரைக் கேளுங்கள்

சேலத்தில் ஒரே வீட்டுக்குள் இரண்டு விதத் தண்ணீர் வருவது சாதாரணம். மாநகராட்சிக் குழாயில் குளோரின் கலந்த காவிரித் தண்ணீர். மோட்டார் போட்டால் போர் தண்ணீர். பெரும்பாலான வீடுகளில் இரண்டும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கடினம் மிகுந்தது. ஏற்காட்டிலோ கிணறு, சுனை, போர், டேங்கர் லாரி என்று பருவத்துக்கு ஒன்றாக மாறும். அங்கே மலையுச்சிகளில் பாக்சைட்டும் இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணும் உண்டு. மழைக்காலத்தில் ஊற்று நீரே செந்நிறமாக இறங்குவதைப் பார்க்கலாம். ஆகவே, 'எங்கள் தண்ணீர் சுத்தமானது' என்ற பொதுப்பேச்சை நம்பாமல், இன்று இந்தக் குழாயில் வரும் தண்ணீரையே சோதியுங்கள்.

காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன், ஒரு வெள்ளை மக்கில் குளிர்ந்த தண்ணீரும் இன்னொன்றில் கீசர் தண்ணீரும் பிடியுங்கள். பிடிக்கும்போதே செந்நிறமாக இருந்தால் குழாயிலோ தண்ணீர் சேமிக்கும் தொட்டியிலோ துரு. வெந்நீர் மட்டும் செந்நிறமாக இருந்தால் கீசரின் உள்தொட்டி அரித்துக்கொண்டிருக்கிறது. பிடிக்கும்போது பளிங்காக இருந்து, மறுநாள் காலைக்குள் மஞ்சளாகி, அடியில் செம்பொடி தங்கினால் தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் அது துருவாக மாறியிருக்கிறது. காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால், வேறு எதுவும் கலக்காத மக்குத் தண்ணீரில் பிளீச் திரவம் இரண்டு துளி விட்டுப் பாருங்கள். மஞ்சள் பழுப்பாக மாறினால் இரும்பு, கரும்பழுப்பானால் மாங்கனீசு.

எவ்வளவு இருந்தால் கறை பிடிக்கும்? லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துணியிலும் குளியலறைப் பொருள்களிலும் கறை விழும். மாங்கனீசுக்கு 0.1 மில்லிகிராமே போதும். கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 600வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம் சொல்கிறது. குடிப்பதற்கு அனுமதிக்கப்பட்ட அந்த 600, பாத்டப்பில் கெட்டியான வெள்ளை வளையம் கட்டப் போதுமானது. எண்களைத் துல்லியமாக அறிய விரும்பினால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி கொடுத்துக் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். இரும்பு, மாங்கனீசு, கடினத்தன்மை, அமில காரநிலை (pH) ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள்.

சில்வர் ஓக் மர நிழலில் மூடியில்லாமல் கிடக்கும் சம்ப்பு இருந்தால் அதன் உள்ளேயும் எட்டிப் பாருங்கள். ஊறிய இலைச் சருகு தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும். அந்தச் சாறு இரும்போடு சேர்ந்தால் மை போன்ற கருநீலக் கறை விழும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் போல ஒன்று மினுங்கினால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் அது இரும்பை உண்ணும் நுண்ணுயிரிகளின் படலம். உடைந்த இடம் மீண்டும் கூடிக்கொண்டால் உண்மையான எண்ணெய்.

ஐந்தாம் படி: சொட்டுச் சோதனைகள்

இவற்றை ஒவ்வொன்றாக, ஒரு ரூபாய் அளவு இடத்தில் மட்டும் செய்யுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் அந்த இடத்தை நன்றாக அலசித் துடையுங்கள். பிளீச் பட்ட இடத்தில் எந்த அமிலத்தையும் விடக் கூடாது. ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும், சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. சன்னலைத் திறந்து வைத்து, கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

நம் வீடுகளுக்கென்றே முதலில் செய்ய வேண்டியது பூசு மஞ்சள் சோதனை. மஞ்சள் நிறக் கறையின் மேல் சலவைச் சோடா கரைசலோ துணி சோப்பு நுரையோ ஒரு துளி வையுங்கள். செம்பழுப்பாக மாறினால் அது பூசு மஞ்சள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலக்கும் எல்லோருக்கும் தெரிந்ததே. நிறம் மாறாவிட்டால் மஞ்சளை மறந்துவிடலாம். மஞ்சள் என்று உறுதியானால் கவலையும் வேண்டாம், ஏனெனில் வெயிலுக்கு அது தானே வெளுக்கும். கதவைத் திறந்து சில நாள் வெளிச்சம் படவிடுங்கள்.

அடுத்தது வைட்டமின் சி. நிறமூட்டாத வெள்ளை மாத்திரையாகவோ தூளாகவோ வாங்குங்கள். சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு நிற மாத்திரை குழப்பிவிடும். நசுக்கி, சில துளி தண்ணீரில் குழைத்து, கறையின் மேல் அப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். துடைத்தால் அந்த வட்டம் மட்டும் வெளுத்திருந்தால் சந்தேகமே இல்லை: உலோகக் கறை, பெரும்பாலும் இரும்பு. பரந்த பழுப்புக்கு நடுவே தூய வெள்ளை வட்டம் ஒன்று தோன்றும்போது எவ்வளவு தெளிவாக விடை கிடைக்கிறது என்பதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அது வேலை செய்யாவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் கிடைப்பதைச் சம அளவு தண்ணீரில் கலந்து, பஞ்சில் நனைத்து வையுங்கள். அதற்கு வெளுத்தால் உயிர்ப்பொருள் கறை: இலைச் சாறு, பாசி, பூஞ்சணம், மருதாணி, தலைச்சாயம் போன்றவை. இறுதியாக எலுமிச்சை உப்பு. ஒரு கோப்பை வெந்நீரில் அரைக் கரண்டி கரைத்து ஒரு துளி விடுங்கள். பொங்கினால் சுண்ணாம்புப் படிவு. நான்குக்கும் அசையாத நிறம் மேலே படிந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இரும்புக்கறை: அதிகம் காண்பதும் அதிகம் கெடுக்கப்படுவதும்

பிளீச் ஊற்றினால் எல்லாம் வெளுக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இரும்புக்கறையில் அது நேர்மாறாக வேலை செய்யும். குளோரின், கரைந்த நிலையில் உள்ள இரும்பையும் துருவாக்கி அங்கேயே படிய வைக்கிறது. மங்கலான மஞ்சள் அடர்ந்த பழுப்பாகிறது. வாரந்தோறும் பிளீச் ஊற்றியும் கறை கூடிக்கொண்டே போகிறது என்று யாராவது சொன்னால், வேறு சோதனையே தேவையில்லை என்று நான் நினைப்பதுண்டு. மாங்கனீசுக்கும் இதே கதைதான்.

சேலத்துப் போர் தண்ணீரில் இன்னொரு சிக்கல் சேரும். துரு நேரடியாகத் தொட்டியில் படியாமல், சுண்ணாம்புப் படிவின் அடுக்குகளுக்கு இடையே சிக்கிக்கொள்கிறது. அதனால் துருவை எடுக்கும் மருந்து மேல் அடுக்கோடு நின்றுவிடும். முதலில் சுண்ணாம்பை அகற்ற வேண்டும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் கறையின் மேல் போர்த்தி, கால் மணி நேரம் கழித்து மென்மையாகத் துடைத்து அலசுங்கள். தடித்த படிவுக்கு இரண்டு மூன்று முறை ஆகும். அதன் பிறகும் பழுப்பு எஞ்சினால், மாத்திரைச் சோதனையில் செய்தது போலவே வைட்டமின் சி குழம்பைப் பரவலாகப் பூசலாம்; இளங்கறைக்கு அதுவே போதும்.

முற்றிய கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம். அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி தூள், ஐந்து முதல் பத்து நிமிடம், பிறகு நிறைய தண்ணீர் விட்டு அலசல். அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். கடின நீரில் ஆக்ஸாலிக் அமிலத்தைக் கரைத்தால் அது தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத வெள்ளைப் படலமாக விழும்; துரு போய்ப் புதிதாக ஒரு மூட்டம் வந்துவிட்டது என்று குழம்புவார்கள். ஆகவே கரைப்பதற்கு மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் செய்து வெள்ளையாக்கிய பின் சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றாமல் விட்டால், அடுத்த சீசனுக்குள் அதே கோடு அதே இடத்தில் இருக்கும். ஜி.ஐ. பைப்பில் துரு என்றால் பிளம்பரிடம் பேச வேண்டும். தண்ணீரிலேயே இரும்பு என்றால் சம்ப்புக்கு முன் இரும்பு நீக்கும் ஃபில்டர் தேவை.

இளஞ்சிவப்பும் நீலப்பச்சையும்

சோப்புத் தட்டைச் சுற்றியும் சிலிக்கான் ஓரத்திலும் வழுவழுப்பான இளஞ்சிவப்புப் படலம் வந்தால், காற்றில் பரவும் செராஷியா என்னும் பாக்டீரியா சோப்புக் கழிவில் வளர்ந்திருக்கிறது. குளோரின் கலக்காத தண்ணீரும் மலை ஈரமும் அதற்கு ஏற்றவை. விரலால் துடைத்தாலே வந்துவிடும். சோப்பால் கழுவி, உலரவிட்டு, காற்றோட்டம் கொடுப்பதே மருந்து.

நீலப்பச்சை என்றால் தாமிரம். உப்புக் குறைந்து லேசாகப் புளிப்பேறிய சுனை நீர், தாமிரக் குழாயையும் கீசரின் தாமிரப் பாகத்தையும் பித்தளைக் குழாயையும் மெல்லக் கரைக்கிறது. எலுமிச்சை உப்புக் கரைசலில் இது போய்விடும். ஆனால் அமில காரநிலை 6.5க்குக் கீழே இருந்தால் தண்ணீரைச் சரிசெய்யாமல் தீராது. குழாயிலும் ஓட்டை விழும்.

மேற்பரப்பே மாறியிருந்தால்

பளபளப்பு போய்ப் பரப்பே மங்குவது ஜெல்கோட்டின் பொதுவான நோய். உலர்ந்த கறுப்புத் துணியால் மங்கிய இடத்தை அழுத்தித் துடையுங்கள். துணியில் வெண்பொடி ஒட்டினால் பரப்பே சுண்ணாம்புப் பொடி போல உதிர்கிறது. கண்ணில் படாத ஒரு மூலையில் கார் மெருகுக்கு விற்கும் ரப்பிங் காம்பவுண்டு சிறிதளவு தேய்த்துப் பாருங்கள். பளபளப்பும் வெண்மையும் திரும்பினால் கெடுதல் மேல்தோலோடு நின்றிருக்கிறது. 1500ஆம் எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்து, காம்பவுண்டு போட்டு, பக்கச் சுவர்களுக்கு மட்டும் மெழுகு பூசலாம். காலூன்றும் தரையில் மெழுகு பூசவே கூடாது. வழுக்கி விழுந்தால் எலும்பு முறியும். தேய்த்தும் மஞ்சள் அதே ஆழத்தில் நின்றால் நிறுத்திவிடுங்கள்.

அக்ரிலிக் முழுவதும் மங்கி, டார்ச் ஒளியில் சிலந்தி வலைக் கோடுகள் தெரிந்தால், பெரும்பாலும் கரைப்பான்களே காரணம். ஸ்பிரிட், ஹேண்ட் சானிடைசர், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், கறுப்புப் பினாயில் ஆகிய எதுவும் அக்ரிலிக்கில் படக் கூடாது. கொரோனா காலத்தில் சானிடைசர் தெளித்துத் துடைக்கும் பழக்கம் பல விடுதிகளில் நிலைத்துவிட்டது. தொட்டிக்கு மட்டுமாவது அதை விட்டுவிட வேண்டுகிறேன்.

பின்னாலிருந்து வருவது

எந்தச் சோதனைக்கும் அசையாமல், டார்ச் ஒளியில் மேடும் பள்ளமும் காட்டாமல், பென்சில் எல்லையைத் தாண்டி மாதந்தோறும் வளரும் கரும்பழுப்புத் திட்டே உண்மையில் அஞ்ச வேண்டியது. மயிரிழை விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி ஃபைபர் முதுகை நனைத்துக்கொண்டிருக்கிறது. திட்டின் நடுவில் பென்சில் கரித்தூளைத் தேய்த்துவிட்டுத் துணியால் துடையுங்கள்; விரிசல் இருந்தால் கரி அதில் தங்கி ஒரு கோடு தெரியும். பிறகு வெறும் காலுடன் தொட்டிக்குள் நின்று, எடையைக் குதிகாலுக்கும் விரலுக்கும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். தரை அமுங்கி எழுந்தாலோ, கிரீச்சிட்டாலோ, தொட்டியின் அடியில் கலவைப் படுக்கை போடாமல் கால்களின் மேல் மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். அமுங்கி எழும் ஒவ்வொரு முறையும் விரிசல் நீளும்.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. குழாயை அடைத்து, தொட்டியை இரண்டு வாரம் யாரும் பயன்படுத்தாமல் உலரவிடுங்கள். பனிமூட்ட நாட்களில் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். திட்டு வெளிறினால் பின்னால் ஈரம் இருந்தது உறுதி. ஜெல்கோட்டில் சிறு கொப்புளங்கள் இருந்து, ஊசியால் குத்தினால் புளித்த வாடையுடன் நீர் கசிந்தால், ஈரம் அடுக்குகளுக்குள்ளேயே புகுந்துவிட்டது என்று பொருள்.

இந்த நிலையில் குளியலறைப் பொருள் விற்கும் கடைக்காரரைவிட, ஃபைபர் வேலை தெரிந்த கைவினைஞரை அழைப்பதே நல்லது. வாகன பம்பரும் தண்ணீர்த் தொட்டியும் பழுது பார்ப்பவர்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். அவரிடம் தொட்டி அக்ரிலிக்கா ஜெல்கோட்டா என்பதையும், தரை அமுங்கும் இடத்தையும், தேதி போட்ட படங்களையும் முதலிலேயே காட்டுங்கள். மேலிருந்து விரிசலை மட்டும் பூசிவிட்டுப் போக அனுமதிக்காதீர்கள். பக்கப் பலகையைத் திறந்து, நனைந்த ஃபைபரை முழுக்க உலர்த்தி, அடியில் கலவை நிரப்பி, அது இறுகிய பின்பு தொட்டிக்குள் நின்று தரை அசையவில்லை என்று நீங்களே பார்த்துவிட்டுத்தான் மேற்பூச்சு வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும்.